ஓரகத்தியின் நூலகம்

எம்.ஏ. பொருளாதாரத்தில் முதலில் சேர்ந்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது "ரெண்டு மருமகளும் சேந்து படிச்சாங்க" என்று பேச்செடுத்தால், "சேந்து இல்லீங்க, நான் ஒரு வருசம் முன்னாடி" என்று திருத்திவிட்டுத்தான் அடுத்த வேலையைப் பார்ப்பேன்.

புதுச்சத்திரத்திலிருந்து உள்ளே பிரிகிற தார்ச்சாலையில் எங்கள் கோழிப்பண்ணை. பண்ணைக்கு முன்னால் ஒரே காம்பவுண்டுக்குள் எதிரெதிராக இரண்டு வீடுகள். ஒன்றில் நாங்கள். மற்றதில் என் கொழுந்தனார் குடும்பம். அண்ணனும் தம்பியும் பண்ணையைப் பார்த்துக்கொண்டார்கள். ஆபீஸ் அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தீவன இருப்பும் முட்டை லாரிக்கான பில்லும் பார்ப்பது என் வேலை. பி.காம். முடித்த கையோடு எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. மகள் பெரிய வகுப்புக்குப் போன பிறகுதான் மேலே படித்தால் என்ன என்ற நினைப்பே வந்தது. வீட்டிலிருந்தே ஆன்லைனில் படிக்கலாம், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் நேரடி வகுப்பு என்று ஒரு பல்கலைக்கழகம் விளம்பரம் செய்திருந்தது. அதன் பெயர் வேண்டாம். இரண்டு பஸ் மாறிப் போகிற தூரம்.

அங்கே படிப்பு இப்படி நடந்தது. பாடங்களுக்கு ஒரு இணையதளம். அதில் வீடியோ, கூடவே நோட்ஸ், கடைசியில் கேள்விகள். ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் 'மேலும் படிக்க' என்று போட்டு ஒன்றன்கீழ் ஒன்றாகப் புத்தகப் பெயர்கள். வெறும் பெயர்கள்தான், தொட்டால் ஒன்றும் ஆகாது. நூலகத்துக்கு வேறு இணையதளம், வேறு பாஸ்வேர்டு. அதில் போய்ப் பாடத்தில் சொன்ன புத்தகத்தைத் தேடினால் அது மட்டும் வராது. உலகத்தில் உள்ள மற்றதெல்லாம் வரும். ஒரு நாள் தேடிய புத்தகமே வந்துவிட்டது. ஆசையாகத் திறந்தேன். 'வளாகத்துக்குள் மட்டுமே படிக்க இயலும்' என்று எழுதிக் காட்டியது. கோழிப்பண்ணையில் உட்கார்ந்து ஆன்லைனில் படிக்கிறவளுக்கு வளாகத்துக்குள் மட்டும்!

பாடப் பிரிவுக்குப் போன் செய்தேன். "அது லைப்ரரி சம்பந்தப்பட்டதுங்க மேடம்" என்றார்கள். நூலகத்துக்குச் செய்தேன். "புத்தகம் பேரெல்லாம் போட்டது பாடப் பிரிவுங்க, அங்க கேளுங்க" என்றார்கள். சரி, படிப்பு என்றாலே இப்படித்தான் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போகும்போது மதிய இடைவேளையில் வளாக நூலகத்துக்கு ஓடி, கிடைத்த அத்தியாயங்களை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வருவேன். ஒப்பிட்டுப் பார்க்க ஆள் இல்லாத வரைக்கும் எனக்கு ஒரு குறையும் இல்லை.

என் ஓரகத்தி, அதாவது கொழுந்தனார் மனைவி, ஆத்தூர்ப் பக்கத்துப் பெண். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தனியார் பள்ளியில் டீச்சராக இருந்தவள். பையன் பிறந்ததும் வேலையை விட்டிருந்தாள். நான் புத்தகமும் கையுமாகத் திரிவதைப் பார்த்து அடுத்த வருடம் அவளும் சேர்ந்தாள். அவள் சேர்ந்தது எங்கேயோ தொலைவில் இருக்கும் வேறு பல்கலைக்கழகம். முழுக்க ஆன்லைன், ஒரு நாள்கூட நேரில் போக வேண்டியதில்லை. ஆனால் எடுத்தது அதே பொருளாதாரம். எத்தனையோ பாடம் இருக்க, அதே பொருளாதாரம்.

"நீங்க எடுத்ததையே எடுத்துட்டேங்க்கா. சந்தேகம்னா உங்களைக் கேக்கலாம் பாருங்க" என்றாள்.

அப்போது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கேட்கப்படுகிற இடத்தில் இருப்பது நல்ல இடம். என் முதல் வருட நோட்ஸை எடுத்துக் கொடுத்தேன். எந்தப் பகுதி கடினம், எதை விட்டுவிடலாம் என்று அனுபவசாலி மாதிரி சொல்லிக்கொடுத்தேன். அவளும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

ஒரு மத்தியானம் அவள் வீட்டில் இன்டர்நெட் வரவில்லை என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். பையன் என் கட்டிலில் தூங்கினான். அவள் ஹாலில் உட்கார்ந்து விவசாய விளைபொருள் விலை பற்றிய பாடத்தை ஓடவிட்டாள். நான் பின்னால் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். பாடம் பாதி போனதும் அதுவே நின்றது. கீழே ஒரு வரி நீல நிறத்தில் வந்தது. அதைத் தொட்டாள். புத்தகம் திறந்தது.

அட்டையைக் காட்டவில்லை. முன்னுரையையும் காட்டவில்லை. பாடத்தில் எந்த இடம் பேசப்பட்டதோ, நேராக அந்த அத்தியாயத்தில் அந்தப் பக்கம்! பாஸ்வேர்டு கேட்கவில்லை. வளாகம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவள் அதைப் படித்து, ஓரத்தில் ஏதோ குறித்துவைத்து, மூடினாள். பாடம் விட்ட இடத்திலிருந்து மறுபடி ஓடியது.

"இதென்ன கண்ணு, புத்தகம் அங்கயே வருது?" என்றேன். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டுதான் கேட்டேன்.

"லைப்ரரிக்கா. பாடத்தோடயே சேத்திருக்காங்க. இங்க பாருங்க, எங்க கோர்ஸுக்குன்னு ஒரு லைப்ரரியன் இருக்காங்க. ஏதாவது வேணும்னா எழுதிக் கேட்டாப் போதும்" என்று பக்கத்தில் ஒரு கட்டத்தைக் காட்டினாள். அதில் ஏற்கெனவே ஒரு உரையாடல் இருந்தது. மரவள்ளிக் கிழங்குச் சாகுபடி பற்றி ஏதாவது கட்டுரை உண்டா என்று இவள் கேட்டிருக்கிறாள். அந்த நூலகர் அம்மா இவள் பெயரைச் சொல்லி வணக்கம் போட்டு, இரண்டு கட்டுரைகளை இணைத்து, 'முதலாவது உங்கள் பகுதியைப் பற்றியது, அதை முதலில் படியுங்கள்' என்று எழுதியிருக்கிறார்.

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தது நல்லதாகப் போயிற்று. கண் கலங்கியதற்கு ஒரு காரணம் கையிலேயே இருந்தது.

நான் நகைக்கு ஆசைப்பட்டவள் இல்லை. அவளுக்குப் புது ஃப்ரிட்ஜ் வந்தபோது ஒன்றும் தோன்றவில்லை. அவளுக்கு ஆண் பிள்ளை பிறந்தபோது உறவில் சிலர் என் முகத்தையே பார்த்தார்கள். அப்போதும் நான் நிம்மதியாகத்தான் இருந்தேன். ஆனால் அந்த மத்தியானம், முன்பின் பார்த்திராத ஒரு நூலகர் அவளுக்கு 'முதலில் படியுங்கள்' என்று எழுதியதைப் பார்த்ததும் வயிறு எரிந்தது. என்னிடம் அப்படி யார் சொன்னார்கள்? நானாகத் தேடி, நானாக ஏமாந்து, நானாக ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு அவள் படிக்கும் நேரமெல்லாம் எனக்கு அந்த வீட்டில் வேலை வந்தது. காபி கொண்டுபோனேன். "பையனை நான் பாத்துக்கறேன், நீ படி" என்று அவனைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் நாற்காலிக்குப் பின்னால் நடந்தேன். அவளுக்கு என்மேல் அப்படி ஒரு நன்றி. "உங்களாலதான்க்கா படிக்கவே முடியுது" என்பாள். எனக்கோ கண்ணெல்லாம் திரையில். எதைத் தொட்டால் எது திறக்கிறது, தேடும் கட்டம் எங்கே இருக்கிறது, கட்டுரை எழுதும்போது மேற்கோள் விவரம் எப்படித் தானாக வந்து ஒட்டுகிறது, பரீட்சைக்கு முன்னால் எந்தப் புத்தகத்தை மறுபடி பார்க்கச் சொல்கிறது... எல்லாம் பார்த்தேன். என் பாடத்தைவிட அவளுடைய தளத்தை நன்றாகப் படித்தேன்.

ஒரு நாள் அவளே கண்டுபிடித்துவிட்டாள். பொறாமையை இல்லை, ஆசையை.

"அக்கா, என் பாஸ்வேர்டு தரேன். நீங்களும் படிச்சுக்குங்க. ஒரே பாடம்தானே."

"எனக்கென்னத்துக்குச் சாமி? எங்க யுனிவர்சிட்டிலயும் இதெல்லாம் இருக்குது" என்றேன்.

அவள் இன்னொரு முறை கேட்டிருந்தால் வாங்கியிருப்பேன். கேட்கவில்லை. அதற்கும் அவள்மேல்தான் கோபம் வந்தது.

அவளுடைய முதல் பருவத் தேர்வு முடிவு வந்தது. நல்ல மார்க்கு. என் மார்க்கைவிட நல்ல மார்க்கு. அடுத்த வாரமே ராசிபுரத்தில் ஒரு சொந்தக்காரர் கல்யாணம். பந்தியில் எங்கள் எதிரே சின்ன மாமியார் முறை ஆகிற ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"ஏஞ்சாமி, நீதான் எல்லாத்துலயும் முன்னால வந்துட்டயாமா? கைக்கொழந்தைய வெச்சுக்கிட்டு எப்படிப் படிச்ச?" என்று அவளைக் கேட்டார். அவள் என் பக்கம் திரும்பி, "அக்காவும் படிக்கறாங்க சித்தி" என்றாள்.

"ஓ, பெரியவளும் படிக்கறாளா?"

அந்த 'உம்' சோற்றில் கிடந்த முடி மாதிரி இருந்தது. இலையை மூடிவிட்டேன்.

திரும்பி வரும்போது வேனில் என் வீட்டுக்காரரும் அதே பேச்சை எடுத்தார். "அவ கெட்டிக்காரிதான் புள்ள."

"என்னங்க கெட்டிக்காரி? அவளுக்கு லைப்ரரி குடுத்திருக்கறாங்க. எனக்கு லிஸ்ட்டுக் குடுத்திருக்கறாங்க."

"அப்ப நீயும் லைப்ரரியக் கேளு."

"யாரக் கேக்கறதுங்க?"

"லிஸ்ட்டுக் குடுத்தாங்களல்ல, அவங்களத்தான்" என்றார். வேகத்தடையைப் பார்த்துக் கியரை மாற்றுகிற அக்கறைகூட அந்தப் பதிலில் இல்லை. ஆனால் அது என் மனதில் தங்கிவிட்டது.

கேட்பதற்கு இடம் தானாகவே வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்ததும் மாணவர் கருத்துக் கூட்டம் என்று உட்காரவைத்தார்கள். எங்கள் படிப்பின் ஒருங்கிணைப்பாளர் மேடம் முன்னால் உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஒரு பக்கம் நூலகர், நரைத்த மீசைக்காரர். மறுபக்கம் பாடத் தளத்தைப் பார்த்துக்கொள்கிற ஒரு இளைஞர்.

"குறை ஏதாவது இருந்தா தாராளமாச் சொல்லுங்க" என்றார் மேடம்.

எல்லோருக்கும் பஸ் அவசரம். "ஒண்ணும் இல்லீங்க மேடம்" என்றார்கள். நான் எழுந்து நின்றேன்.

எங்கிருந்து அவ்வளவு பேச்சு வந்தது என்று எனக்கே தெரியாது. பாடம் ஓரிடத்தில் நிற்க வேண்டும், அந்த இடத்திலேயே புத்தகம் திறக்க வேண்டும், முதல் பக்கமாக இல்லாமல் வேண்டிய பக்கமாகத் திறக்க வேண்டும், இரண்டாவது பாஸ்வேர்டு கூடாது, வீட்டிலிருந்தும் திறக்க வேண்டும், கேட்டால் பதில் சொல்ல ஒரு நூலகர் அந்தப் பாடத்துக்குள்ளேயே இருக்க வேண்டும்... ஓரகத்தியின் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லி முடித்தபோது மூச்சு வாங்கியது.

நூலகர்தான் முதலில் பேசினார். அவர் குரலில் வருத்தம் இருந்தது. "அம்மா, நீங்க சொன்ன புத்தகமெல்லாம் நம்மகிட்டயும் இருக்குதுங்க. வருசா வருசம் சந்தா கட்டி வாங்கறோம். தொறக்கறதுக்குத்தான் ஆள் இல்ல. இப்படியே இருந்தா அடுத்த வருசம் நிறுத்திருவாங்க."

இளைஞர் அவர் பக்கம் திரும்பினார். "அந்தப் புக்ஸ் இருக்குன்னே எங்களுக்குத் தெரியாதே சார்."

"சிலபஸ் மாத்துனீங்கன்னு எங்களுக்கும் யாரும் சொல்லலையே தம்பி."

"வெளியில இருந்து லாகின் பண்றதுக்கு வசதி இருக்குங்களா சார்?"

"இருக்குது. அதுக்கு ஸ்டூடன்ட்ஸ் பேரெல்லாம் உங்க பக்கத்துல இருந்து வரோணுமல்ல?"

மேடம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நாங்களும் இதை யோசிச்சுட்டுத்தாங்க இருக்கோம். தனித்தனியா யோசிச்சிருக்கோம் போல. நீங்க இதையெல்லாம் எங்க பாத்தீங்க?"

"தெரிஞ்சவங்க ஒருத்தங்ககிட்டங்க."

"அவங்களைக் கூட்டிட்டு வர முடியுங்களா? கண்ணால ஒரு தடவை பாத்துட்டாத் தேவலை."

நான் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தேன். பஸ்ஸில் வரும்போதுதான் என்ன செய்துவிட்டேன் என்று புரிந்தது. எங்கள் யுனிவர்சிட்டியிலும் எல்லாம் இருக்கிறது என்று யாரிடம் சொன்னேனோ, அவளிடமே போய் 'அங்கே ஒன்றும் இல்லை, வந்து காட்டு' என்று கேட்க வேண்டும்.

சில நாள் தள்ளிப்போட்டேன். கடைசியில் இரண்டு வீட்டுக்கும் நடுவே கொடியில் துணி காயப்போடும்போது, ஈரப் போர்வைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு சொன்னேன். முகம் தெரியாமல் சொல்வது சுலபமாக இருந்தது.

போர்வையை விலக்கிக்கொண்டு அவள் முகம் வந்தது. "என்னையா கூப்பிட்டாங்க? நெஜமாவா? நான் வரேங்க்கா!" அவள் முகத்தில் அவ்வளவு வெளிச்சம். 'உங்ககிட்ட இருக்குன்னு சொன்னீங்களே' என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதிலுக்கு நானும் எதையாவது சொல்லியிருப்பேன். கேட்காதது இன்னும் எரிச்சலாக இருந்தது.

பையனைக் கொழுந்தனாரிடம் விட்டுவிட்டு இருவரும் போனோம். டீச்சராக இருந்த நாட்களில் கட்டிய, இளம்பிள்ளை ஊரில் நெய்த சேலை ஒன்றை அவள் கட்டியிருந்தாள். அறையில் பெரிய திரை. அவள் லேப்டாப்பை இணைத்துவிட்டு நிமிர்ந்ததும் டீச்சர் ஆகிவிட்டாள். நான் மூச்சு வாங்கச் சொன்னதை அவள் நிதானமாகக் காட்டினாள். காட்டும்போது தன் தளத்தின் குறைகளையும் சொன்னாள்.

"தமிழ்ல ஒண்ணுமே இல்லைங்க சார் இதுல. நம்ம ஊர் விஷயம் வேணும்னா அந்த லைப்ரரியன் அம்மா எங்கயோ தேடித்தான் எடுத்துக் கொடுக்கறாங்க."

நூலகர் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "நம்மகிட்ட இருக்குதுங்க மேடம்! எடப்பாடி விசைத்தறி, இளம்பிள்ளை நெசவு, நாமக்கல் கோழிப்பண்ணை, எல்லாத்தப் பத்தியும் நம்ம மாணவங்க பண்ணுன ஆராய்ச்சியெல்லாம் ஸ்கேன் பண்ணி வெச்சிருக்கறோம்."

"அதை லெசனோட சேத்துட்டீங்கன்னா எங்களோடதைவிட நல்லாயிருக்கும் சார்."

கவனித்தேன். என்னை 'அம்மா' என்றவர் அவளை 'மேடம்' என்றார். கேள்விகள் எல்லாம் அவளுக்கே போயின. காபி முதலில் அவளுக்கு வந்தது. ஒருங்கிணைப்பாளர் மேடம், "நீங்க நம்மகிட்டயே சேந்திருக்கலாமேங்க" என்று அவளிடம் சிரித்தார். பேச்சை ஆரம்பித்தவள் நான். வரிசையில் கடைசி நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவளுடைய நூலகத்தின் மீது பொறாமைப்பட்டது போய், என் பல்கலைக்கழகத்திலேயே அவளைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டியிருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் நான் கண்ணை மூடித் தூங்குகிற மாதிரி சாய்ந்துகொண்டேன். அவள் இரண்டு முறை பேச்சுக் கொடுத்துப் பார்த்தாள்.

"அக்கா, என்மேல ஏதாவது கோவமா? அவங்க என்கிட்டயே கேட்டாங்க. நான் என்ன பண்ணட்டும்?"

"உனக்கென்ன கண்ணு, எங்க போனாலும் மொத தட்டு உனக்குத்தான்" என்றேன்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே பார்த்துக்கொண்டே பேசினாள்.

"இன்னைக்குத்தான்க்கா நான் ஒரு யுனிவர்சிட்டிக்குள்ள கால் வெச்சேன். எங்க வாத்தியாருங்க ஒருத்தர் முகத்தையும் நேர்ல பாத்ததில்ல. கூடப் படிக்கறவங்க யாருன்னு தெரியாது. அந்த லைப்ரரியன் அம்மா எப்படி இருப்பாங்கன்னுகூடத் தெரியாது. ஞாயித்துக்கிழமை நீங்க டிபன் பாக்ஸ எடுத்துட்டுக் கெளம்பறப்போ ஜன்னல்ல நின்னு பாத்துட்டே இருப்பேன். எனக்கும் அப்படிப் போகணும்னு இருக்கும். நீங்க கூட்டத்துல எந்திரிச்சுப் பேசினீங்களாமே, மேடம் சொன்னாங்க. நான் யார்கிட்டக்கா எந்திரிச்சுப் பேசறது?"

இதைக் கேட்டதும் மனம் இளகிவிட்டது என்று எழுதினால் அது பொய். இனித்தது. என்னிடம் இருப்பதையும் ஒருத்தி ஜன்னலில் நின்று பார்த்து ஏங்கியிருக்கிறாள் என்பது கரும்பாக இனித்தது. ஆண்டகளூர்கேட் தாண்டும்வரை அந்த இனிப்பிலேயே உட்கார்ந்திருந்தேன். அதன்பிறகுதான் அவள் கையில் டிக்கெட் கசங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். பையிலிருந்து முறுக்குப் பொட்டலத்தை எடுத்து அவளிடம் நீட்டினேன். எடுத்துக்கொண்டாள். புதுச்சத்திரம் வந்து இறங்குகிற வரைக்கும் அங்கே வகுப்பு எப்படி நடக்கும், யார் யார் வருவார்கள், மதியம் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவோம் என்று அவள் கேட்டதற்கெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன்.

பல்கலைக்கழகத்தில் வேலை ஆரம்பித்தது. ஆனால் அவர்கள் தேர்ந்தெடுத்தது முதல் வருடத்துப் பாடம் ஒன்றை மட்டும். சோதனையாகச் செய்து பார்க்கிறோம், சரிவந்தால் மற்றவற்றுக்கும் என்றார்கள். நான் அப்போது கடைசி வருடம்.

"உங்க பேட்ச்சுக்கு நடுவுல மாத்துனா கொழப்பம் ஆயிருங்க" என்று மேடம் போனில் சொன்னார். "ஆனா திறக்கறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை ஓட்டிப் பாத்துச் சொல்லோணும். உங்களுக்குத்தான் எது எங்க இருக்கோணும்னு தெரியும்."

தற்காலிகமாக ஒரு பாஸ்வேர்டு கொடுத்தார்கள். பண்ணை ஆபீசில், தீவன மூட்டை வந்து இறங்கும் சத்தத்துக்கு நடுவில் அந்தப் பாடத்தைத் திறந்தேன். பாடம் நின்றது. நீல வரி வந்தது. தொட்டேன். இளம்பிள்ளை நெசவாளர் கூலி பற்றி எவரோ செய்த ஆராய்ச்சியில் நேராக வேண்டிய பக்கம் திறந்தது. தமிழில். ஓரகத்தியிடம் இல்லாதது. முழுவதையும் படித்தேன். அந்தப் பாடத்தை நான் போன வருடமே எழுதித் தேறியிருந்தேன். இனி இதைப் படித்து ஒரு மார்க்கு வரப்போவதில்லை. இருந்தாலும் படித்தேன்.

பிறகு குறைகளைச் சொன்னேன். போனில் பார்த்தால் பக்கம் வெட்டுப்படுகிறது. பழைய தட்டச்சில் இருக்கும் தமிழ் சில இடங்களில் புரியாத எழுத்தாக வருகிறது. இன்டர்நெட் மெதுவாக இருந்தால் முழுப் புத்தகத்தையும் இழுக்காமல் அந்த அத்தியாயத்தை மட்டும் கொடுக்க வேண்டும். நூலகர் ஒவ்வொன்றுக்கும் திரும்பப் போனில் கூப்பிட்டார். சரிசெய்தபின் "இப்பப் பாருங்கம்மா" என்பார். அவர் குரல் மாறியிருந்தது. இவ்வளவு நாள் யாரும் திறக்காத அலமாரிக்கு ஆள் வருகிறது என்ற சந்தோஷம் அதில் தெரிந்தது. நானும் பார்த்துப் பார்த்துச் சொன்னேன். எனக்குக் கிடைக்காத விருந்துக்கு உப்புப் பார்ப்பது போலத்தான் இருந்தது.

நான் தேறினேன். மார்க்கு சுமார். ஜெராக்ஸ் படித்தவளுக்கு அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டேன். அடுத்த வருடம் அவளும் முடித்தாள், நிறைய மார்க்கோடு. நாமக்கல்லில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பொருளாதார ஆசிரியை வேலையும் கிடைத்தது. வீட்டில் பாயசம் வைத்தார்கள். நானும் குடித்தேன்.

அவள் பிளஸ் டூ வகுப்புக்குப் பாடம் தயாரிக்க உட்கார்ந்த அன்று எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தாள்.

"அக்கா, லைப்ரரிக்குள்ள விடலைக்கா. கோர்ஸ் முடிஞ்சுதாம், கணக்க மூடிட்டாங்களாம். நான் ஓரத்துல எழுதி வெச்சதெல்லாம் உள்ளயே இருக்கு."

எத்தனையோ நாள் அவளுக்கு ஏதாவது ஒன்று நடக்காதா என்று நினைத்தவள் நான். நடந்தபோது சந்தோஷம் வந்தது, மறைக்க மாட்டேன். ஆனால் அது வந்த வேகத்திலேயே போய்விட்டது. கையில் புத்தகம் இருந்த பழக்கம் போகாமல் அவள் என் ஹாலில் நின்று விழித்த விழிப்பு எனக்குத் தெரிந்த விழிப்பு. பீரோவின் மேல்தட்டிலிருந்து என் ஜெராக்ஸ் கட்டை இறக்கிக் கொடுத்தேன். கொடுக்கும்போது கொஞ்சம் நிமிர்ந்துதான் நின்றேன்.

"பத்தரமா வெச்சுக்க. இதை எவனும் மூட மாட்டான்" என்றேன். அவள் அழுகையோடு சிரித்தாள்.

போன ஆடி கழிந்து புது மாணவர்களுக்கான தொடக்க வகுப்புக்கு மேடம் என்னைக் கூப்பிட்டிருந்தார். இப்போது முதல் வருடப் பாடங்கள் எல்லாமே நூலகத்தோடு சேர்த்தாகிவிட்டது. நூலகர் மேடையில் உட்கார்ந்திருந்தார். நாற்காலியிலிருந்து எழுந்து இறங்கி வந்து, "வாங்க மேடம்" என்றார். நான் பேசியது கொஞ்சம்தான். கொடுத்திருக்கிற புத்தகங்களைத் திறந்து படியுங்கள், யாரும் திறக்காவிட்டால் நிறுத்திவிடுவார்கள் என்று மட்டும் சொன்னேன். அவர்கள் அப்போதே போனில் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு சுலபமாகத் திறக்கிறார்கள்! வயிற்றில் அந்தப் பழைய எரிச்சல் எழுந்து ஒரு சுற்றுச் சுற்றியது.

வெளியே வரும்போது எடப்பாடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் என் கூடவே நடந்தாள். கையில் போனைப் பிடித்தபடி உதட்டைப் பிதுக்கினாள்.

"நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா என்ற சிநேகிதி படிக்கற எடத்துல புத்தகத்தை அதுவே படிச்சும் காட்டுதுங்களாம். காதுல மாட்டிக்கிட்டுத் தறி ஓட்டிக்கிட்டே கேக்கறா. நமக்கு அதெல்லாம் இல்லீங்களா?"

அவள் முகத்தைப் பார்த்தேன். அந்தச் சிநேகிதியின்மேல் அவளுக்கு எவ்வளவு கோபம் இருக்கிறது என்பது கண்ணில் தெரிந்தது.

"அவகிட்டப் போயி நல்லாப் பாத்துட்டு வா சாமி," என்றேன். "எதைத் தொட்டா என்ன வருதுன்னு ஒண்ணு விடாமப் பாரு. அடுத்த கூட்டத்துல எந்திரிச்சுச் சொல்லு. மேடம் கேப்பாங்க."

அவள் தலையாட்டிவிட்டு எடப்பாடி பஸ் நிற்கும் பக்கம் நடந்தாள். நான் எதிர்ப்பக்கம் போய் நாமக்கல் பஸ்ஸுக்கு நின்றேன்.